ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் படிப்பது எப்படி? ‘போர்ட்’ என்ற வேரிலிருந்து தொடங்குவோம்

பள்ளிக்கூடத்தில் பகுபத உறுப்பிலக்கணம் படித்திருப்பீர்கள். ‘நடந்தான்’ என்பதில் ‘நட’ பகுதி, ‘ஆன்’ விகுதி என்று பிரித்து எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருப்பீர்கள். ஆங்கிலச் சொற்களை நாளைக்குப் பத்து என்று நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து, அடுத்த வாரமே மறந்துபோகிறது என்று வருந்துகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, அந்தப் பழைய பாடத்தைத் தூசி தட்டி எடுங்கள் என்பதுதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் பெரும்பாலும் சொல்லின் பின்னால்தான் ஒட்டுவோம். ஆங்கிலத்தில் முன்னாலும் ஒட்டுவார்கள். முன்னால் வருவது பிரிஃபிக்ஸ், பின்னால் வருவது சஃபிக்ஸ், நடுவில் நிற்பது ரூட், அதாவது வேர். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாக லத்தீன் சொற்கள் ஏராளமாக உள்ளே வந்தன, அதனால் லத்தீன் வேர் நாலைந்து தெரிந்தாலே நிறையக் கதவு திறக்கும்.

படி 1: ஒரே ஒரு வேரை எடுங்கள். லத்தீனில் ‘போர்த்தாரே’ என்றால் சுமப்பது, கொண்டுபோவது. ரயில் நிலையத்தில் பெட்டியைத் தலையில் தூக்கிச் செல்லும் போர்ட்டரை நினைத்துக்கொள்ளுங்கள், வேர் மறக்காது.

படி 2: முன்னால் ஒவ்வொன்றாக ஒட்டிப் பாருங்கள். ‘இன்’ என்றால் உள்ளே, உள்ளே கொண்டுவருவது இம்போர்ட். ‘எக்ஸ்’ வெளியே, எக்ஸ்போர்ட். ‘டிரான்ஸ்’ என்றால் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், டிரான்ஸ்போர்ட். ‘ரி’ என்றால் திரும்ப. போய்ப் பார்த்ததைத் திரும்பக் கொண்டுவந்து சொன்னால் ரிப்போர்ட்.

படி 3: ‘இன்’ எப்படி ‘இம்’ ஆனது என்று கேளுங்கள். இதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மரம் + கள் என்பதை நாம் மரம்கள் என்றா சொல்கிறோம்? அடுத்து வரும் க-வுக்கு இணங்கி ம் மாறி, மரங்கள் ஆகிறது. அங்கேயும் அதே புணர்ச்சிதான். ‘இல்லை’ என்று பொருள் தரும் இன்னொரு ‘இன்’ இருக்கிறது. அது பாசிபிளுக்கு முன்னால் இம், லீகலுக்கு முன்னால் இல், ரெகுலருக்கு முன்னால் இர் என்று மாறுகிறது. இது புரிந்தால் ஸ்பெல்லிங்கும் தப்பாது: இல்லீகலில் ஏன் இரண்டு எல் என்றால், ஒன்று பிரிஃபிக்ஸுடையது, மற்றது லீகலுக்குச் சொந்தமானது.

படி 4: அப்புறம் வால். ‘ஏபிள்’ சேர்ந்தால் முடியும் என்று பொருள், போர்ட்டபிள். ‘எர்’ சேர்ந்தால் செய்பவர், எக்ஸ்போர்ட்டர்.

படி 5: அகராதியில் சரிபாருங்கள். இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். ஏர்போர்ட்டில் இருக்கும் ‘போர்ட்’ சுமப்பது கிடையாது, துறைமுகம் என்று பொருள்படும் வேறு லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பார்களே, அந்த ‘இன்’னை ‘இல்லை’ என்று எடுத்துக்கொண்டால் தீப்பிடிக்காது என்று ஆகிவிடும்! ஃப்ளேமபிள், இன்ஃப்ளேமபிள் இரண்டுக்கும் எளிதில் தீப்பற்றும் என்ற ஒரே பொருள்தான்.

சரி, அடுத்த வேர் உங்களுக்கு. ‘ஸ்கிரைப்’, ‘ஸ்கிரிப்ட்’ இரண்டும் எழுதுவதைக் குறிக்கும் ஒரே வேரின் வடிவங்கள். ‘பிரி’ என்றால் முன்பு. மருந்து வாங்கும் முன் டாக்டர் எழுதித் தருவது பிரிஸ்கிரிப்ஷன். ‘மேனு’ என்றால் கை, மேனுஸ்கிரிப்ட் என்பதைப் பிரித்தால் அப்படியே நம் கையெழுத்துப் பிரதி. ‘போஸ்ட்’ என்றால் பின்பு. அப்படியானால் கடிதத்தை முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு அடியில் எழுதும் போஸ்ட்ஸ்கிரிப்டைத் தமிழில் என்ன சொல்வோம்?