பழைய கம்பைன்: என்ஜினை மாற்றும் முன் தானிய மணியை எண்ணுங்கள்

பழைய கம்பைன் (கதிரை அறுத்து அடிக்கும் அறுவடை இயந்திரம்) வாங்கப் போகிறவர் கண் முதலில் ஹவர் மீட்டரில்தான் விழும். அது காட்டுவது என்ஜின் ஓடிய நேரம். டிரம் எவ்வளவு நேரம் கதிரடித்தது என்பது வேறு கணக்கு. மீட்டரே நடுவில் சில வருடம் செத்துக் கிடந்திருக்கவும் கூடும். என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தானியம் தள்ளும் ஆகரின், அதாவது திருகுத் தண்டின், ஓரத்தை மெல்லத் தொட்டுப் பாருங்கள். கத்தி போலக் கூராக இருந்தால், நிறைய உழைத்துத் தேய்ந்த வண்டி. தானியத்தை மேலேற்றும் எலிவேட்டரின் அடித்தகடு தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்றும் தட்டிப் பாருங்கள். பெயின்ட் புதிதாக மின்னும் வண்டி என்றால் இன்னும் கொஞ்சம் பலமாகவே தட்டலாம்.

சரி, வாங்கியாயிற்று. அடுத்து வரும் ஆசைதான் அதிகம் செலவு வைக்கும் தவறு: பெரிய என்ஜின், அகலமான ஹெட்டர் (முன்னால் கதிரை அறுக்கும் பகுதி). உள்ளே வரும் கதிர் கூடும், உண்மைதான். ஆனால் வைக்கோலை உதறும் வாக்கரும் சல்லடையும் பழைய அளவிலேயே இருக்கின்றன. வாக்கர் மேல் வைக்கோல் தடிமனாகப் படிந்தால் மணி கீழே இறங்க வழியில்லாமல் வைக்கோலோடு வெளியே போய்விடும். அறுத்த பரப்பு கூடியிருக்கும்; தொட்டிக்கு வரவேண்டியதில் ஒரு பங்கு வயலில் கிடக்கும். கூடுதல் பளுவைப் பழைய கியர்பாக்ஸும் பெல்ட்டும் எத்தனை நாள் தாங்கும் என்பது தனிக் கவலை.

அதனால் எதை மாற்றும் முன்பும் மணியை எண்ணுங்கள். கோதுமை மணி ஒன்று சுமார் 40 மில்லிகிராம் என்று வைத்தால், சதுர மீட்டருக்கு 250 மணி என்பது 10 கிராம். ஹெக்டேருக்கு 100 கிலோ. ஆனால் வண்டிக்குப் பின்னால் எண்ணியதை அப்படியே நஷ்டமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுக்காத பயிருக்குள் தானாக உதிர்ந்ததை எண்ணுங்கள். அப்புறம் வண்டியை நிறுத்திக் கொஞ்சம் பின்னால் எடுத்து, ஹெட்டர் கடந்துபோன, வைக்கோல் இன்னும் விழாத இடத்தில் எண்ணுங்கள். அதில் உதிர்ந்ததும் ஹெட்டர் சிந்தியதும் சேர்ந்திருக்கும். வைக்கோலுக்கு அடியில் கிடப்பதிலிருந்து இதைக் கழித்தால் மீதிதான் உள்ளிருந்து வந்தது. 4 மீட்டர் அகலத்துக்கு அறுத்து 1 மீட்டர் அகலத்தில் வைக்கோலைக் கொட்டும் வண்டியானால், அந்த மீதியையும் 4-ஆல் வகுக்க வேண்டும். வகுக்க மறந்து, நல்ல வண்டியை நாலு நாள் திட்டியவன் நான்.

எண்ணும்போதே காரணமும் தெரியும். கதிரில் மணி ஒட்டிக்கொண்டே வந்தால் டிரம், அதன் அடியில் வளைந்திருக்கும் கம்பித் தட்டான கான்கேவ் பக்கம் பாருங்கள். தொட்டியில் உடைந்த மணி அதிகம் என்றால் பெரும்பாலும் டிரம் வேகம் அதிகம், அல்லது கான்கேவ் இடைவெளி குறைவு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் திருகினால் எது சரிசெய்தது என்று தெரியாது.

உதிரிபாகத்தில் மிச்சம் பிடிப்பதும் வம்புதான். டிரம்மில் தேய்ந்த ராஸ்ப் பார் (கதிரைத் தேய்த்து உதிர்க்கும் வரி போட்ட பட்டை) ஒன்றை மட்டும் மாற்றினால் எடை சமநிலை கெட்டு டிரம் அதிரும், பேரிங் போகும். எதிரெதிர் ஜோடியாக மாற்ற வேண்டும், வரிகள் சாய்ந்த திசையையும் பார்த்து. ஜோடியாக ஓடும் பெல்ட்டுகளும் அப்படியே: புதியது இறுக்கமாக இருந்து பளு முழுவதையும் தானே இழுக்கும். கொக்கி போல வளைந்த ஸ்ப்ராக்கெட் பல்லில் புதுச் செயின் போட்டால் அதுவும் சீக்கிரம் தேயும்.

வேலை நாட்களில் என்ஜின், எக்ஸாஸ்ட் மேல் படியும் பதரைத் தினமும் ஊதித் தள்ளுங்கள். சூடேறிய ஒரு பேரிங் போதும், பற்றிக்கொள்ளும். வயலிலிருந்து வந்த சூட்டோடு கொட்டகைக்குள் விடவும் வேண்டாம். பருவம் முடிந்ததும் எலிவேட்டர் அடிமூடிகளைத் திறந்து காலி செய்யுங்கள். அங்கே தங்கும் இரண்டு கைப்பிடித் தானியத்துக்கு எலி வரும். தானியம் தீர்ந்த பிறகு அது வயரிங்கில் கை வைக்கும்.