பழைய கேமை ஓப்பன் சோர்ஸா (கோடை யார் வேணா பார்த்து மாத்தலாம்ங்கிற மாதிரி) திரும்ப எழுதணுமா?

முதல்ல ஒரிஜினல் கேமை காசு குடுத்து வாங்கி வச்சுக்கோங்க, ஏன்னா நீங்க எழுதப்போறது இன்ஜின், அதாவது கேமை ஓட்டுற புரோகிராம் மட்டும்தான், படம் சத்தமெல்லாம் அவங்க சொத்து, அதைத் தூக்கி உங்க கோடோட சேர்த்துப் போட்டுடவே கூடாது. அப்புறம் ஹெக்ஸ் எடிட்டர்ல (ஃபைலை பைட் பைட்டா காட்டுற புரோகிராம்) டேட்டா ஃபைலைத் திறங்க. பழகுறதுக்கு டூம்ங்கிற பழைய ஷூட்டிங் கேமோட வாட் (WAD) ஃபைல், அதாவது மேப், படம், சத்தமெல்லாம் இருக்கிற ஃபைல் அருமை, முதல் 4 பைட் அது என்ன வகை ஃபைல்னு சொல்லும், அடுத்த 4 உள்ள எத்தனை துண்டு இருக்குன்னு, அதுக்கடுத்த 4 அட்டவணை எங்க ஆரம்பிக்குதுன்னு, அந்த அட்டவணையில ஒவ்வொரு பதிவும் கரெக்டா 16 பைட். இது பிடிபட்ட அன்னிக்கு எனக்கு தூக்கமே வரல!

ஒரு மேப் திரையில வந்தாலே போதும், கோடை வெளிய விட்டுருங்க, ஆளுங்க தானா வருவாங்க. பொறுமை மட்டும் வேணும்ங்க. டிரான்ஸ்போர்ட் டைகூன் டீலக்ஸ்ங்கிற பழைய கேமைப் பார்த்து ஓப்பன் சோர்ஸா எழுதின ஓப்பன்டிடிடி 2004ல வந்துச்சு, ஒரிஜினல் ஃபைலே தேவையில்லாம ஓடுற 1.0 வந்தது 2010லதான்.