போர்ட் லூயிஸ் கோடையில் ராஸ்பெர்ரி பை: வெப்பநிலைக்கு ஏற்ப விசிறியைச் சுழல வைக்கும் முறை

மொரிஷியஸில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை நீளும் கோடையில், போர்ட் லூயிஸின் பகல் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். தைப்பூசக் காவடியும் இந்தப் பருவத்தில்தான் வருகிறது. கோவில் மண்டபத் திரையில் பாடல் வரிகளைக் காட்டவோ விழாவை நேரலையாக அனுப்பவோ வைத்திருக்கும் சிறு கணினி ஆண்டிலேயே அதிகம் உழைப்பதும் அப்போதுதான். அப்படிப்பட்ட ஒற்றைப் பலகைச் சிறு கணினிதான் ராஸ்பெர்ரி பை. அதன் 4-ஆம் வகையான பை 4-இன் செயலி 80 டிகிரியை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 85 டிகிரியில் இன்னும் கடுமையாகக் குறைக்கும். காணொளி திக்கித் திக்கி ஓடும். விசிறியை எந்நேரமும் ஓடவிட்டால் சூடு தணியும் என்றாலும் இரைச்சல் ஓயாது, தூசி படியும், பேரிங்கும் விரைவில் தேயும். ஆகவே தேவைப்படும்போது மட்டும் சுழல வைப்பதே நல்லது. அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

ராஸ்பெர்ரி பை 5-இல் விசிறிக்கென்றே நான்கு முனை இணைப்பான் இருக்கிறது. அதற்குரிய விசிறியைச் செருகினால் 50 டிகிரியில் மெதுவாகத் தொடங்கி, 75 டிகிரியில் முழு வேகத்தை எட்டும்படி கணினியே பார்த்துக்கொள்ளும். கீழே உள்ளவை பை 4-க்கானவை.

முதல் படி, அளப்பது. இதைத் தாண்டிச் செல்லாதீர்கள். மற்ற எல்லாம் இதை நம்பியே இருக்கின்றன. டெர்மினலை (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தை) திறந்து, சிஸ், கிளாஸ், தெர்மல், தெர்மல்_ஸோன்0 என்று ஒன்றினுள் ஒன்றாக இருக்கும் அடைவுகளுக்குள் சென்று, அங்குள்ள டெம்ப் என்ற கோப்பைக் கேட் கட்டளையால் படியுங்கள் (cat /sys/class/thermal/thermal_zone0/temp). 57450 என்பது போல ஓர் எண் வரும். அதை 1000-ஆல் வகுத்தால் 57.45 டிகிரி. கணினி வேறு வேலை எதுவும் செய்யாத நிலையில், பிற்பகல் இரண்டு மணி வாக்கில், அது நிரந்தரமாக இருக்கப்போகும் இடத்திலேயே வைத்து அளக்க வேண்டும். அறையின் வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் செயலியின் வெப்பமும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். அதனால்தான் சுமார் 550 மீட்டர் உயரத்தில் குளிர்ந்திருக்கும் கியூர்பிப்பில் ஒருவர் வைத்த எண்ணை, மலைகள் சூழ்ந்த போர்ட் லூயிஸில் இருப்பவர் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்தது இணைப்பு. மின்சாரத்தைத் துண்டித்த பிறகே கை வையுங்கள். தொடக்கநிலையினர் சிவப்பு, கறுப்பு, நீலம் என மூன்று கம்பிகள் கொண்ட பை 4 பெட்டி விசிறியை வாங்குவதே மேல். பலகையில் வரிசையாக நிற்கும் உலோக ஊசிகளே பின்கள். அவற்றுள் கணினி நிரல் மூலம் இயக்கவும் அணைக்கவும் கூடியவை ஜிபிஐஓ பின்கள். சிவப்பை 4-ஆம் பின்னிலும் (5 வோல்ட்), கறுப்பை 6-ஆம் பின்னிலும் (தரை, அதாவது கிரவுண்ட்), நீலத்தை 8-ஆம் பின்னிலும் (ஜிபிஐஓ 14) செருகினால் போதும்.

கையில் இரண்டு கம்பி விசிறிதான் இருக்கிறது என்றால், அதை நேரடியாக ஜிபிஐஓ பின்னில் ஒருபோதும் செருகாதீர்கள். அந்தப் பின் தருவது 3.3 வோல்ட், சில மில்லிஆம்பியர். விசிறி கேட்பதோ 100 மில்லிஆம்பியர் அளவு. பலகையே பழுதாகிவிடும். இடையில் 2என்2222 வகை டிரான்சிஸ்டர் (சிறு மின்சைகையால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) ஒன்று வேண்டும். அதன் மூன்று கால்கள் கலெக்டர், எமிட்டர், பேஸ்: விசிறியின் சிவப்பு 5 வோல்ட்டுக்கு, கறுப்பு கலெக்டருக்கு, எமிட்டர் தரைக்கு, ஜிபிஐஓ 14-லிருந்து 1 கிலோ ஓம் மின்தடை வழியாக பேஸுக்கு. விசிறியின் இரு முனைகளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றை, கோடு போட்ட முனை 5 வோல்ட் பக்கம் இருக்கும்படி வையுங்கள். விசிறி நிற்கும்போது எழும் எதிர் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுக்காமல் அது காக்கும். பி2என்2222ஏ, பிஎன்2222ஏ என்ற இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அவற்றின் கால் வரிசை நேர் எதிரானது. எனவே உங்களிடம் உள்ளதன் தரவுத்தாளைப் பார்த்த பிறகே பற்றவையுங்கள்.

இனி அமைப்பு. டெர்மினலில், நிர்வாகி உரிமை தரும் சூடோ சேர்த்து ராஸ்பி-கான்ஃபிக் கட்டளையைக் கொடுத்து (sudo raspi-config), பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ் பட்டியலில் ஃபேன் என்பதைத் தேர்ந்தெடுங்கள். பின் எண்ணாக 14-ஐக் கொடுங்கள். இங்கே அது கேட்பது ஜிபிஐஓ எண், 8 என்ற பின் வரிசை எண் அன்று. அடுத்து வெப்பநிலையைக் கேட்கும். அங்கே ஏற்கெனவே இருக்கும் 80-ஐ அப்படியே விட்டால், கணினி வேகம் குறையும்போதுதான் விசிறியும் விழிக்கும். நீங்கள் கொடுக்கும் எண்ணில் சுழலத் தொடங்கும் விசிறி, அதைவிட 10 டிகிரி குறைந்த பிறகே நிற்கும். ஓய்வில் 57 டிகிரி காட்டும் கணினிக்கு 60 கொடுத்தால் 50-க்கு இறங்கும்வரை விசிறி ஓடும். வெயில் நாளில் அது நிற்காமலே போகலாம். 70 கொடுத்தால் 60-இல் நின்று, வேலை வரும்வரை நின்றபடியே இருக்கும். ஓய்வு வெப்பத்துடன் 12 அல்லது 13 டிகிரியைக் கூட்டி, 75-ஐத் தாண்டாமல் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுத்தொகை 75-ஐத் தாண்டினால் முதலில் செயலியின் மேல் ஒரு ஹீட் சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) ஒட்டி, மீண்டும் அளந்து பாருங்கள்.

மறுதொடக்கம் செய்தபின், நிரல்களை நிறுவும் ஏப்டி (apt) கட்டளை மூலம் ஸ்ட்ரெஸ் (stress) என்ற நிரலை நிறுவி, செயலியின் நான்கு கோர்களுக்கும் வேலை கொடுத்து, டெம்ப் கோப்பை மீண்டும் மீண்டும் படியுங்கள். குறித்த எண்ணில் விசிறி சுழல வேண்டும். நிரலை நிறுத்தினால் 10 டிகிரி இறங்கியதும் நிற்க வேண்டும். சுழலவே இல்லை என்றால் நீலக் கம்பி 8-ஆம் பின்னில்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு சீரியல் போர்ட்டை (பிற கருவிகளுடன் தரவு பரிமாறும் வழியை) அணைத்துவிடுங்கள், ஏனெனில் அதுவும் ஜிபிஐஓ 14-ஐயே பயன்படுத்துகிறது.