முதல் கெண்டை மேட்ச்: பெக் எடுப்பதிலிருந்து எடை போடுவது வரை

இங்கிலாந்தில் காசு கட்டித் தூண்டில் போடும் தனியார் ஏரிகளை 'கமர்ஷியல்' என்பார்கள். மண்ணை வெட்டிக் குளமாக்கி, கெண்டையை நிறைய விட்டு, கரையில் சில மீட்டருக்கு ஒரு சின்ன மேடை போட்டிருப்பார்கள். அந்த மேடைதான் 'பெக்'. வார்விக்‌ஷரில் டனல் பார்ன் ஃபார்ம், சோலிஹல் பக்கம் பார்ஸ்டன், டான்காஸ்டர் அருகே லிண்ட்ஹோம், கார்ன்வாலில் வைட் ஏக்கர்ஸ் என்று நாடு முழுக்க இருக்கின்றன. 1994-இல் தொடங்கிய ஃபிஷ் ஓ மேனியா என்ற பெரிய தூண்டில் போட்டியின் தகுதிச் சுற்றுகளும் இப்படிப்பட்ட ஏரிகளில்தான் நடக்கின்றன.

மேட்ச் என்பது தூண்டில் போட்டி. ஐந்தாறு மணி நேரத்தில் யார் பிடித்த மீனின் மொத்த எடை அதிகமோ அவருக்கு வெற்றி. பிடித்ததெல்லாம் உயிரோடு ஏரிக்கே திரும்பிப் போகும். நம் ஊர் மீன்பண்ணைகளில் சாதா கெண்டை என்று வளர்க்கிறோமே, அதே இனம்தான் இது. கூடவே 'எஃப் ஒன்' என்ற கலப்பினமும் நிறைய கிடைக்கும்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பின்தங்குவதற்குப் பெரிய காரணம், இரையை அள்ளிப் போடுவது. கீழே நான் சொல்வதில் பாதி, கையைக் கட்டுப்படுத்துவது பற்றித்தான்.

1. உரிமமும் விதிகளும்

13 வயது நிரம்பிய எவரும் சுற்றுச்சூழல் முகமையின் தூண்டில் உரிமம் வைத்திருக்க வேண்டும். 16 வயது வரை இலவசம், ஆனாலும் பதிவு செய்தே ஆக வேண்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டு வரை அபராதம். ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை தடைக்காலம் உண்டு. இந்த ஏரிகளில் பெரும்பாலும் கிடையாது.

ஏரியின் விதிகளை முந்தின நாளே படித்துவிடுங்கள். கொக்கியில் முள் இல்லாத தூண்டில்தான் அனுமதி என்பது ஏறக்குறைய எல்லா இடத்திலும் உண்டு. சில ஏரிகளில் அங்கேயே விற்கும் பெல்லட்டை, அதாவது மீன் தீவனக் குருணையைத்தான் பயன்படுத்த வேண்டும். வலைகளைக் கிருமிநாசினித் தொட்டியில் முக்கி எடுக்கச் சொல்வார்கள். கோய் ஹெர்பிஸ் வைரஸ் ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் பரவினால் கெண்டைகள் கொத்துக் கொத்தாகச் செத்துவிடும். யாரும் பார்க்கவில்லை என்று இதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

2. என்னென்ன வேண்டும்

அனுபவசாலிகள் 13 முதல் 16 மீட்டர் நீளக் கம்பு வைத்திருப்பார்கள். அதன் விலையைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் மேட்ச்சுக்கு 10 அல்லது 11 அடி ஃபீடர் கம்பு ஒன்றும், கரையோரத்துக்கு எலாஸ்டிக் கோத்த குட்டைக் கம்பு ஒன்றும் போதும். பிரதான நரம்பு 6 முதல் 8 பவுண்டு இழுவை தாங்குவது. ஃபீடர் என்பது அடியில் தட்டையான, 30 கிராம் அளவிலான, இரை அடைக்கும் ஒரு கூடு. அதற்குப் பின்னால் நாலு அங்குல நரம்பு, 16-ஆம் எண் தூண்டில், அதில் ரப்பர் வளையத்தால் பிடித்த 8 மி.மீ. பெல்லட். கைவலை ஒன்று. மீனை உயிரோடு வைக்க நீளமான கீப்நெட் மூன்று.

3. பெல்லட்டை ஊறவைப்பது

இதில் அவசரப்படாதீர்கள். 2 மி.மீ. பெல்லட் அரை லிட்டர் போல எடுத்து, மூழ்கும் அளவு ஏரித் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்தில் வடித்துவிட்டு, மூடி, அரை மணி நேரம் விடுங்கள். திறந்ததும் விரலால் உதிர்த்துவிடுங்கள். கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் இறுக்கினால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும். கட்டைவிரலால் லேசாகத் தள்ளினால் உதிர வேண்டும். பிசைந்த மாவு மாதிரி ஒட்டினால் தண்ணீர் அதிகம்: அடியில் போய் உடையாமல் கிடக்கும். உதிரியாகவே இருந்தால் ஃபீடர் தண்ணீரில் விழுந்த அதிர்ச்சியிலேயே கொட்டிவிடும்.

4. குலுக்கலும் முதல் வீச்சும்

காலையில் பையில் கைவிட்டு எண் எடுப்பீர்கள். எந்த பெக் வந்தாலும் முகம் சுளிக்காமல் போங்கள், பக்கத்தில் இருப்பவரிடம் "இங்கே எந்தத் தூரத்தில் மீன் நிற்கும்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் மனம் திறந்து சொல்வார்கள். காற்று எந்தக் கரையை நோக்கி வீசுகிறது என்று பாருங்கள். வெயில் காலத்தில் கெண்டை காற்றோடு போகும்.

ஒரு தூரம் முடிவு செய்து வீசி, ரீலின் பக்கத்தில் இருக்கும் கிளிப்பில் நரம்பை மாட்டிவிடுங்கள். இனி ஒவ்வொரு வீச்சும் அதே இடத்தில் விழும். இரை ஒரே இடத்தில் சேர்ந்தால்தான் மீன் அங்கே தங்கும்.

போட்டி தொடங்கும் 'ஆல் இன்' விசில் ஊதியதும் பலர் பந்து பந்தாக இரையைக் கொட்டுவார்கள். நீங்கள் ஃபீடரை மட்டும் நாலைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து, நிரப்பி, வீசுங்கள். ஒரு ஃபீடரில் இருப்பது ஒரு பிடி. அதன் நடுவே உங்கள் பெல்லட். குறைவான உணவு, அதில் ஒன்று தூண்டில் என்றால் மீன் அதைத்தான் எடுக்கும்.

கம்பின் நுனி டக் டக் என்று துடித்தால் தொடாதீர்கள். மீன் நரம்பில் உரசுகிறது, அவ்வளவுதான். நுனி வளைந்து போய் அப்படியே நின்றால் கம்பைத் தூக்கினால் போதும், வெட்டி இழுக்கத் தேவையில்லை. கிளிப் மாட்டியிருப்பதை மறந்து மீனை ஓடவிட்டால் நரம்பு அறுந்துவிடும். கம்பைப் பக்கவாட்டில் சாய்த்து நிதானமாகத் திருப்புங்கள்.

5. கடைசி ஒன்றரை மணி நேரம்

எனக்கு மிகப் பிடித்த கட்டம். கரையில் சத்தம் அடங்கியதும் கெண்டை ஓரத்துக்கு வரும். இரண்டடி ஆழமுள்ள இடத்தை ஈயக் குண்டால் அளந்து கண்டுபிடியுங்கள். ஈரமான கிரவுண்ட்பெய்ட் என்ற இரை மாவில் பத்துப் பதினைந்து செத்த புழுவைக் கலந்து ஒரு சின்னக் கிண்ணம் வைத்துவிட்டு ஒதுங்கிவிடுங்கள். இருபது நிமிடத்தில் அடியிலிருந்து சேறு புகை மாதிரி எழும்பும். சில சமயம் வால் நுனி ஒன்று தண்ணீருக்கு மேல் மெல்ல அசையும். அப்போதுதான் குட்டைக் கம்பின் மிதவையை இறக்க வேண்டும்.

மிதவை முங்கியது, இழுத்தீர்கள், மீன் இல்லை. தூண்டில் முனையில் ஒற்றைச் செதில் மட்டும் வந்திருக்கிறது என்றால் இரை அதிகமாகிவிட்டது என்று பொருள். மீன்கள் கூட்டமாக மேலெழுந்து நரம்பில் இடிக்கின்றன. அடுத்த இரண்டு மீன் வரை எதுவும் போடாதீர்கள்.

6. வலைக் கணக்கு

பல ஏரிகளில் ஒரு கீப்நெட்டுக்கு 50 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 23 கிலோ, வரம்பு. அதற்கு மேல் இருந்தால் கணக்கில் 50 மட்டுமே. என் மூன்றாவது மேட்ச்சில் ஒரு வலை 58 பவுண்டு வந்தது. போன எட்டு பவுண்டு இருந்திருந்தால் என் பிரிவில் இரண்டாம் இடம். அன்றிலிருந்து ஒவ்வொரு மீனுக்கும் தோராய எடையைத் தாளில் குறிக்கிறேன்; 40 ஆனதும் அடுத்த வலைக்குப் போய்விடுகிறேன். கண்ணுக்கு மூன்று பவுண்டாகத் தெரிவது தராசில் நாலாக இருப்பது வழக்கம். அதனால் இந்த இடைவெளி அவசியம்.

போட்டி முடியும் 'ஆல் அவுட்' ஊதியதும் வலையைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுக் காத்திருங்கள். தராசு உங்கள் பெக்குக்கு வந்த பிறகு மட்டும் தூக்குங்கள். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த கை அதன் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும். எடை எழுதியதும், மீனைப் போட்டு எடை பார்த்த பையின் வாயைத் தண்ணீருக்குள் தாழ்த்திப் பிடியுங்கள். மீன்கள் ஒவ்வொன்றாக, வாலை ஒரு முறை அடித்துவிட்டுப் போய்விடும்.