நிலக்காட்சிப் படத்தொகுப்புக்கு இசை சேர்ப்பது எப்படி: மொரிசியஸ் படங்களை முன்வைத்து

மொரிசியஸ் படங்கள் என்றால் முதலிலிருந்து கடைசிவரை அந்தத் தீவின் துள்ளல் இசையான செகா ஓட வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. ஃபிளிக் அன் ஃபிளாக் கரையில் பிள்ளைகள் ஓடும் படத்துக்கு அது பொருந்தும். கங்கா தலாவ் ஏரிமேல் மூடுபனி கிடக்கும் படத்துக்கு அதையே வைத்தால் கண் நிற்கப் பார்க்கும், காது விரட்டும். ஊர்ப் பெயரைப் பார்த்து இசை தேடாதீர்கள். படத்துக்குள் எது அசைகிறது, வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பாருங்கள்.

முதலில் எல்லாப் படங்களையும் சத்தமில்லாமல் ஓட்டி, அசைவற்றவை, அசைபவை, கனமானவை என்று பிரியுங்கள். மூன்று நிமிட இசைக்கு, படத்துக்கு ஐந்தாறு விநாடி என்றால் 30 முதல் 36 படங்கள் போதும். அந்த மூன்று நிமிடத்துக்குள் இரண்டு மனநிலைக்கு மேல் வேண்டாம்.

கிரி கிரியில் பவளப்பாறைத் தடுப்பு இல்லாததால் அலை நேராகப் பாறையில் மோதும். அங்கே தனிப் புல்லாங்குழல் மெலிந்துவிடும். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி போலக் கீழ் ஒலி தேவை. தடுப்புக்கு உள்ளே தட்டையாகக் கிடக்கும் கடலுக்கு, இடைவெளி விட்டு மீட்டும் வீணை. லெ மோர்ன் மலை, தப்பி ஓடிய அடிமைகள் ஒளிந்திருந்த இடம். 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குக் கொண்டாட்டச் செகா வேண்டாம். செகாவுக்குத் தட்டும் பெரிய வட்டப் பறையான ரவான், தனியாக மெதுவாக ஒலித்தால் சரியாக இருக்கும். செகாவும் அந்த மக்களிடமிருந்து வந்ததுதானே. விடியலுக்குப் பூபாளம் கேட்டுப் பழகிய காதுகள் நம்முடையவை. நீலாம்பரி தாலாட்டு ராகம். அதைச் சூரிய உதயத்துக்கு வைத்தால் படம் தூங்கிவிடும். நாதஸ்வரம் கேட்டாலே தமிழர் கண் மணவறையையோ சாமி புறப்பாட்டையோ தேடும். ஆளில்லாத மலைப் படத்தில் அது வீண். பாடல் வரிகளும் அப்படித்தான்: தீவின் கிரியோல் மொழியோ தமிழோ, சொல் காதில் விழுந்ததும் பார்ப்பது குறைந்துவிடும்.

இனிக் கணக்கு. 15 விநாடி தாளம் தட்டி எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு எத்தனை அடி என்று தெரியும். 60ஐ அதனால் வகுத்தால் ஓர் அடியின் நீளம். 80 அடி என்றால் ஓர் அடி 0.75 விநாடி, ஆதி தாளத்தின் எட்டு அடி கொண்ட ஓர் ஆவர்த்தனம் சரியாக 6 விநாடி. ஆவர்த்தனத்துக்கு ஒரு படம் வையுங்கள்; அகலமான பனோரமாவுக்கு இரண்டு கொடுங்கள். அடிக்கு ஒரு படம் மாற்றினால் நிலக்காட்சி விளம்பரம் போல் ஆகிவிடும்.

பலர் சறுக்குவது ஒரு படம் மங்கி அடுத்தது தோன்றும் இடத்தில்தான். 6 விநாடிப் படங்களை 1 விநாடி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றினால் அடுத்த படம் 5ஆம் விநாடியிலேயே தொடங்கும். பத்தாவது படத்துக்குள் 9 விநாடி முந்திவிடும். எனவே ஒவ்வொரு படத்தையும் 7 விநாடியாக நீட்டுங்கள். மங்கலின் நடுப்புள்ளி சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் முதல் அடியில் விழட்டும்.

ஆலாபனைக்கு அடி கிடையாது. சொற்றொடர் முடிந்து கலைஞர் மூச்செடுக்கும் இடமே மாற்றும் இடம். விண்டோஸ் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இசை ஓடும்போதே கன்ட்ரோல்-எம் அழுத்தினால் அங்கே குறி விழும். அந்த நேரங்களை வைத்துப் படங்களை அடுக்குங்கள். மூடுபனிக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை.

இரண்டு இசைத் துண்டுகளைச் சேர்க்கும்போது சுருதி பாருங்கள். ஒன்று ஒரு கட்டை, மற்றது ஒன்றரைக் கட்டை என்றால் கலக்கும் இடம் உரசும். ஒன்றை முடித்து, இரண்டு விநாடி அலைச் சத்தம் மட்டும் விட்டு, அடுத்ததைத் தொடங்குங்கள். அலை இசைக்குக் கீழேயும் ஓடினால் 15 டெசிபல் குறைத்து வையுங்கள். காற்றின் உறுமலுக்கு 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டுங்கள். முடிவைப் பாதியில் அறுக்காமல், இசையின் கடைசி நொடியைக் கடைசிப் படத்துடன் பொருத்தி, பின்னிருந்து முன்னாக அடுக்குங்கள்.

முடித்ததைக் கைபேசியிலும் கேளுங்கள். ரவானின் கீழ் ஒலி அதில் காணாமல் போகும். கோவில் மண்டபத்தில் திரையிடுவதானால் எதிரொலியில் தாளம் குழம்பும், கீழ் ஒலியைக் குறைத்துவிடுங்கள்.

இணையத்தில் ஏற்றுவதென்றால் உரிமை. தியாகராஜர் 1847இல் மறைந்தவர், அவர் கீர்த்தனைகளை யாரும் உரிமை கேட்காமல் பயன்படுத்தலாம். ஆனால் அதைப் பாடிய ஒலிப்பதிவு அப்படியல்ல. பிறர் பயன்படுத்தப் பொது உரிமம் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் இசையில் 'என்டி' (ND, தழுவல் கூடாது) குறி இருந்தால் விட்டுவிடுங்கள்: நகரும் படத்தோடு நேரம் பொருத்தி இசை சேர்ப்பதை அந்த உரிமம் தழுவல் என்றே கணக்கிடுகிறது, தழுவியதைப் பகிர என்டி இடம் தராது.