கணினி தானாக அணைகிறதா, இரைகிறதா?
பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த என் கணினி முதல் வாரமே தானாக ரீஸ்டார்ட் ஆனது. பவர் சப்ளையைச் சந்தேகித்தேன், தவறு. முதலில் ராமை, அதாவது கணினியின் தற்காலிக நினைவகத்தை, சோதியுங்கள். அதற்கான மென்பொருளான மெம்டெஸ்ட்86-ஐ பென்டிரைவில் ஏற்றி இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஒரு பிழை வந்தாலும் விடாதீர்கள். எனக்குப் பதினொன்று வந்தது. டிடிஆர்4 ராமின் வேகத்தை பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புப் பக்கம்) 3600-லிருந்து 3200-க்குக் குறைத்தேன். மறுநாள் காலை திரையில் பிழை பூஜ்யம். ஆனாலும் சொன்ன வேகத்தில் ஓடாத ராமை மாற்றிக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

சரி, இரைச்சல். பக்கத் தகட்டைக் கழற்றி, சுருட்டிய காகிதத்தைக் காதில் வைத்து ஒவ்வொரு பாகமாகக் கேளுங்கள். ஹார்ட் டிஸ்க் அதிர்ந்தால் ரப்பர் வாஷர் போதும். கேம் ஆடும்போது மட்டும் கீச்சிட்டால் அது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டிலுள்ள கம்பிச்சுருளின் (coil) அதிர்வு. ஃபேனை மாற்றிப் பயனில்லை. ஃப்ரேம் ரேட்டை (நொடிக்குத் திரையில் வரும் படங்கள்) 60-க்கு மேல் போகாமல் கட்டுப்படுத்தினேன், பாதிக்கு மேல் அடங்கியது.