அடுப்பு யாருடையது, ஃபிரிட்ஜ் யாருடையது? டர்பன் வாடகை வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடகைக்கு விடுபவரும் குடிவருபவரும் சேர்ந்து செய்யும் முதல் தவறு, "இதற்கெல்லாம் சட்டத்தில் ஏதாவது இருக்கும்" என்று நம்பிப் பேசாமல் விட்டுவிடுவது. தென்னாப்பிரிக்காவில் வாடகை வீடுகளுக்கான சட்டம் 1999-இல் வந்தது. அடுப்பு கொடுக்க வேண்டும், ஃபிரிட்ஜ் கொடுக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. அது இரு தரப்பும் பேசி முடிக்க வேண்டிய விஷயம். கொடுத்த பொருள் பழுதானால் யார் பார்ப்பது, டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பது என்பதெல்லாம் நீங்கள் எழுதி வைத்ததைப் பார்த்துத்தான் தீரும். எழுதாவிட்டால் கடைசியில் வாய்ச்சண்டைதான் மிஞ்சும்.

என்னைக் கேட்டால், அடுப்பும் ஓவனும் வீட்டுக்காரர்தான் கொடுக்க வேண்டும். மின்சார ஸ்டவ்வுக்கு மின்பலகையிலிருந்து தனி வயர், தனி ஸ்விட்ச் வருகிறது. குடிவருபவர் ஒவ்வொருவரும் அதைக் கழற்றி மாட்டுவது ஆபத்து. ஃபிரிட்ஜும் வாஷிங் மெஷினும் குடிவருபவர் கொண்டுவருவதே நல்லது. கராஜில் சும்மா கிடக்கும் பழைய ஃபிரிட்ஜை "பாவம், வைத்துக்கொள்ளட்டும்" என்று கொடுக்கிற நல்ல மனசு பெரும்பாலும் சண்டையில்தான் முடிகிறது. ஆறு மாதத்தில் அது நின்றுபோனால், கொடுத்தவர் "இனாமாகத்தானே கொடுத்தேன்" என்பார். வாங்கியவர் "வாடகையோடு சேர்ந்ததுதானே" என்பார். அப்படிக் கொடுப்பதாக இருந்தால், "இந்த ஃபிரிட்ஜ் வாடகையில் சேராது, பழுதானால் சரிசெய்து தரும் பொறுப்பு எனக்கில்லை" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது பழைய குடித்தனக்காரர் இன்னும் காலி செய்திருக்க மாட்டார். சமையலறையில் பளபளவென்று நிற்கும் மைக்ரோவேவும் கேஸ் அடுப்பும் அவருடையதாக இருக்கலாம். "இதில் எதெல்லாம் வீட்டோடு இருக்கும்?" என்று அங்கேயே நின்று கேளுங்கள். ஃபர்னிச்சர் இல்லாத வீடு என்று விளம்பரம் செய்தாலும் ஸ்டவ் இருப்பது இங்கே வழக்கம்தான், ஆனால் எல்லா வீட்டிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நம் சமையலை மறந்துவிட்டு அடுப்பு வாங்குவதும் ஒரு தவறுதான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்காரர் கண்ணாடி மேல்தட்டு ஸ்டவ் போட்டுவிடுகிறார். அதன்மேல் இரும்புத் தோசைக்கல்லையும் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்குப் பெரிய பானையையும் தூக்கி வைத்தால் கீறலும் விரிசலும் வராமல் என்ன செய்யும்? கனமான பாத்திரம் புழங்கும் வீட்டுக்கு கெட்டியான பிளேட் (சூடாகும் இரும்புத் தட்டு) வைத்த ஸ்டவ்தான் சரி. புரட்டாசியில் கவிச்சி தொடாத குடும்பங்கள், முன்பு மாட்டிறைச்சி வைத்த ஃபிரிட்ஜையோ ஓவனையோ தொட விரும்புவதில்லை. இதை முன்கூட்டியே சொல்வதில் கூச்சம் எதற்கு? "எங்கள் ஃபிரிட்ஜை நாங்களே கொண்டுவருகிறோம்" என்று குடிவருமுன்பே சொல்லிவிட்டால் இரு தரப்புக்கும் மனத்தாங்கல் இல்லை.

சாவி வாங்குமுன் சேர்ந்து பார்க்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் செலவு வைக்கிற தவறு. குடிவருமுன் இருவரும் சேர்ந்து வீட்டைச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். கண்ட குறைகளின் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைக்கவும் வேண்டும். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் நன்றாக இருக்கிறது" என்று கையெழுத்துப் போடாதீர்கள். ஸ்டவ்வின் நான்கு பிளேட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் சூடாகிறதா பாருங்கள். ஓவனில் கீழ்க்கம்பி, மேல்க்கம்பி இரண்டையும் போட்டுப் பாருங்கள். ஸ்டவ்வுக்கான தனி ஸ்விட்ச்சை அணைத்தால் மின்சாரம் உண்மையில் நிற்கிறதா என்று கவனியுங்கள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுத்தால், அது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது என்று அர்த்தம். பட்டியலில் "ஸ்டவ் உள்ளது" என்று எழுதுவது போதாது. "நான்கு பிளேட் ஸ்டவ், பின்னால் இடது பிளேட் சூடாகவில்லை, ஓவன் கதவு ரப்பர் கிழிந்திருக்கிறது" என்று எழுதி, மாடல் எண்ணையும் குறித்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காலி செய்யும்போதும் இதே கதைதான். ஒப்பந்தம் முடிவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மறுபடியும் சேர்ந்து பார்க்க வேண்டும். வீட்டுக்காரர் பார்க்க வராவிட்டால், வீடு நல்ல நிலையில் இருந்ததாக அவரே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு வந்து "ஓவன் உடைந்திருந்தது" என்று டெபாசிட்டில் கைவைக்க முடியாது. சேதம் எதுவும் இல்லை, பாக்கியும் இல்லை என்றால் டெபாசிட்டை வட்டியோடு 7 நாளில் திருப்ப வேண்டும். பழுதுபார்ப்புக்குப் பிடித்தம் இருந்தால், மீதியை வீடு திரும்ப ஒப்படைக்கப்பட்டபின் 14 நாளுக்குள் கொடுத்து, செலவுக்கான ரசீதுகளையும் காட்ட வேண்டும். குடியிருந்தவர் சோதனைக்கு வராமல் போனால் மட்டும் 21 நாள்.

பிடித்தம் செய்யும்போது வீட்டுக்காரர்கள் பழைய சாமானுக்குப் புதுச் சாமானின் விலையைக் கேட்கிறார்கள். இது நியாயமில்லை. கடற்கரைப் பக்கத்து ஃபிளாட்டுகளில் உப்புக்காற்றிலேயே ஸ்டவ்வும் ஃபிரிட்ஜும் துருப்பிடிக்கும். புழக்கத்தில் வரும் தேய்மானம் குடித்தனக்காரர் தலையில் விழக்கூடாது.

டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் வீட்டுக்குப் பின்னால் தனியாகக் கட்டிய அவுட்பில்டிங்கை (பின்வீட்டை) வாடகைக்கு விடும் இடங்களில் தகராறு அடுப்பைவிட மீட்டரில்தான் தொடங்குகிறது. முன்வீட்டுக்கும் பின்வீட்டுக்கும் ஒரே மீட்டர், வாடகையில் லைட்டும் தண்ணீரும் சேர்த்தி என்று பேசி முடித்திருப்பார்கள். பின்வீட்டில் சமோசா போட்டு விற்கத் தொடங்கியதும் பில் ஏறும், முகம் கோணும். தொடக்கத்திலேயே ஒரு துணை மீட்டர் வைத்து, வாசிப்பை மாதாமாதம் இருவரும் சேர்ந்து குறித்துக்கொள்ளுங்கள். கோபத்தில் பின்வீட்டு மின்சாரத்தை மட்டும் துண்டித்துவிடாதீர்கள். நீதிமன்ற உத்தரவு இல்லாமல் அப்படிச் செய்வது சட்டவிரோதம்.

இந்தியாவிலிருந்து புதிதாக வருபவர்கள் மிக்ஸியும் கிரைண்டரும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வோல்டேஜ் இங்கேயும் 230தான், அதில் கவலையில்லை. ஆனால் சின்ன மூன்று முள் பிளக் இங்குள்ள பெரிய சாக்கெட்டில் நிற்காது. மலிவான அடாப்டரில் மிக்ஸி ஓடினாலும் இண்டக்‌ஷன் அடுப்பை அதில் மாட்டாதீர்கள், உருகிவிடும். கேஸ் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். நிலையான கேஸ் இணைப்புக்கு, பதிவுபெற்ற ஆள் வந்து பார்த்துக் கொடுக்கும் சான்றிதழ் வேண்டும். அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்காமல் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். லோட்ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) முடிந்து மின்சாரம் திரும்பும் நொடியில் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் அடிவாங்கும், அதனால் திடீரென்று எகிறும் மின்னழுத்தத்தை (சர்ஜ்) தடுக்கும் பிளக் ஒன்று அவசியம். வீட்டுக்காரரின் கட்டட இன்சூரன்ஸ் உங்கள் ஃபிரிட்ஜுக்குப் பணம் தராது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுப்பு கெட்டுப்போனது, வீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை என்று வாடகையை நிறுத்திவைப்பவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும் பாக்கிக்காரர் என்ற பெயர் உங்களுக்கு வந்துவிடும். முதலில் எழுத்தில் புகார் கொடுங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் தேதியோடு இருக்கட்டும். பதில் இல்லையென்றால் வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. அதன் தீர்ப்புக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்ற உத்தரவின் மதிப்பு உண்டு. புகார் கொடுத்ததிலிருந்து தீர்ப்பு வரும்வரை, அதிகபட்சம் மூன்று மாதத்துக்கு, வீட்டுக்காரர் உங்களை வெளியேற்ற முடியாது, நீங்களும் வாடகையைத் தொடர்ந்து கட்ட வேண்டும். போகும்போது ஒப்பந்தம், குறைகளின் பட்டியல், வாடகை ரசீதுகள், அடுப்பின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.